பிளாண்டுக்கு ஒரு சிப்பம் வெல்லம்

பொங்கல் முடிந்து பத்து நாள் இருக்கும். கடையில் மூன்று சிப்பம் வெல்லம் மிச்சம் கிடந்தது. பிலிக்கல்பாளையம் ஏலத்தில் எடுத்தது, ஓரமெல்லாம் கறுத்துக் கசிய ஆரம்பித்திருந்தது. எங்கள் பக்கம் வெல்லத்துக்குச் சிப்பம்தான் கணக்கு, ஒரு சிப்பம் 30 கிலோ. இதை யார் தலையில் கட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் எக்ஸ்.எல். வண்டியில் வந்து இறங்கினார்.

"கறுத்த வெல்லம் ஏதும் கெடக்குதுங்களா தம்பி? வெளுத்ததெல்லாம் வேண்டாம்."

வெல்லம் வாங்க வருகிறவர்கள் வெளுப்பாக இருக்கிறதா என்று புரட்டிப் பார்ப்பார்கள். கறுத்ததைத் தேடி வருகிற ஆள் என்றால் ஒன்று ஜீவாமிர்தம் கரைக்கிற விவசாயியாக இருக்கும், இல்லை வெளியில் சொல்ல முடியாத சமாச்சாரமாக இருக்கும். ஆளைப் பார்த்தால் இரண்டு ஜாடையும் இல்லை. "ஜீவாமிர்தத்துக்குங்களாண்ணா?" என்றேன்.

"இல்லைங்க. சாக்கடைக்கு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எங்கள் ஊர் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆபரேட்டராம் அவர். உந்து நிலையத்தில் மோட்டார் எரிந்து நாலு நாளாகிறதாம், பிளாண்டுக்குச் சொட்டுத் தண்ணீர் வரவில்லையாம். "உள்ளே இருக்கறதெல்லாம் பட்டினி தம்பி. இன்னும் ரெண்டு நாள் போனா ஒண்ணையொண்ணு தின்ன ஆரம்பிச்சுரும். அதுக்குத்தான் கொஞ்சம் கரைச்சு ஊத்தலாம்னு."

சிப்பத்தை வண்டியின் முன்பக்கம் தூக்கி வைத்துக்கொடுத்தேன். பாதி விலைதான் வாங்கினேன். வண்டி தெருமுனை திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. நாலு நாளாக ஊர்ச் சாக்கடை பிளாண்டுக்குப் போகவில்லை என்றால், எங்கே போகிறது?

ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அவர் வேலைக்குச் சிக்கல். காவிரிக் கரையில், கரூருக்கும் திருச்சிக்கும் வாகாக இருக்கிற நூற்றுக்கணக்கான வாழைத்தோப்பு ஊர்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பிளாண்டு சுடுகாட்டைத் தாண்டி, ஆற்றுக்குப் போகிற மண் ரோட்டில் இருக்கிறது. ஊரார் பார்க்க விரும்பாததை எல்லாம் சுடுகாட்டுக்கு அந்தப்பக்கம் தள்ளிவிடுவதுதானே நம் வழக்கம். நாற்பத்திரண்டு வயதாகிறது, அந்த கேட்டுக்குள் நான் கால் வைத்ததில்லை. ஆனால் அந்த பிளாண்டுக்கு எதிராக மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்! "துர்நாற்றம் தாங்க முடியவில்லை, குழந்தைகள் பாதிக்கப்படுகிறார்கள்" என்று. வாசகத்தை எழுதிக்கொடுத்ததே நான்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடையை மதியமே சாத்திவிட்டுப் போய் நின்றேன். வெல்லம் கொடுத்த ஆள் என்பதால் உள்ளே விட்டார்.

முதலில் மூக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கேட் வரைக்கும் நாற்றம் குடலைப் பிடுங்கியது. உள்ளே போகப் போகக் குறைந்தது. காற்று ஊதும் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றால், மழை நின்ற பிறகு வெட்டிப் போட்ட மண்ணிலிருந்து வருமே, அந்த மாதிரி ஒரு வாசம்தான். "நல்லா ஓடுற தொட்டி இப்படித்தான் மணக்கும் தம்பி. நாறுச்சுன்னா ஏதோ செத்துட்டிருக்குன்னு அர்த்தம்" என்றார். அப்படியானால் வெளியே நாறுவது எது? சுவருக்கு அந்தப்பக்கம் கையைக் காட்டினார். ஓடை. பிளாண்டுக்குள் வராமலே, பிளாண்டை உரசிக்கொண்டு, நேராகக் காவிரிக்குப் போகிற ஊர் ஓடை. கறுப்பாக, மேலே சாம்பல் நுரையோடு ஓடிக்கொண்டிருந்தது. என் மனு பிளாண்டின் மேல். நாற்றம் ஓடையின் மேல்.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது?

வாசலில் கம்பிச் சல்லடை. அங்கே கொஞ்ச நேரம் நின்றால் ஊரின் அந்தரங்கம் முழுக்கத் தெரிந்துவிடும். ஷாம்பு பாக்கெட், பான்பராக் உறை, தலைமுடிச் சிக்கு, நாப்கின், மாங்கொட்டை, ஒரு பொம்மை காரின் சக்கரம். என் கடைப் பெயர் அச்சடித்த பை ஒன்றும் மாட்டிக்கொண்டிருந்தது. அவர் பார்த்தார். நான் பார்க்காதது போல் நின்றேன்.

அதற்கப்புறம் மணல் படிகிற தொட்டி. அடுத்து வருவதுதான் காற்று ஊதும் தொட்டி. புளோயர் என்று சொல்கிறார்கள், நாள் முழுக்க உறுமிக்கொண்டே இருக்கிற யந்திரம். அடியிலிருந்து குமிழ் குமிழாகக் காற்று வருகிறது, தொட்டி முழுக்கச் சாக்லேட் நிறத்தில் கொதிப்பது போல் புரள்கிறது. அந்தப் பழுப்பு நிறம் அழுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது அழுக்கைத் தின்கிற கிருமிகளின் கூட்டமாம். சாக்கடையில் தானாகவே இருக்கிற பாக்டீரியாதான். அதற்குக் காற்றைக் கொடுத்து, சாப்பாட்டைக் கொடுத்து, தின்று கொழுத்ததை அடுத்த தொட்டியில் படிய வைத்து, படிந்ததில் ஒரு பங்கைத் திரும்ப முதல் தொட்டிக்கே அனுப்பிவிடுகிறார்கள். தோசை மாவில் பழைய மாவு கொஞ்சம் கலந்து வைக்கிற அதே வேலை. தெளிந்து மேலே நிற்கிற தண்ணீர் குளோரின் போட்டு வெளியே போகிறது.

இந்த வித்தை கண்டுபிடித்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது. 1914 ஏப்ரலில், மான்செஸ்டரில், எட்வர்ட் ஆர்டன், வில்லியம் லாக்கெட் என்ற இரண்டு பேர் இதைப் பற்றிக் கட்டுரை வாசித்தார்கள். அதுவரை சாக்கடைக்குள் காற்று ஊதிப் பார்த்தவர்கள் எல்லாம் ஒவ்வொரு தடவையும் அடியில் தங்கிய சேற்றைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஆரம்பித்தார்கள். இவர்கள் சேற்றைக் கொட்டாமல் அதிலேயே புதுச் சாக்கடையை ஊற்றினார்கள். முதலில் வாரக்கணக்கில் ஆன வேலை, சேறு சேரச் சேர, சில மணி நேரத்தில் முடிய ஆரம்பித்தது. இவர்களுக்கு வழிகாட்டி கில்பர்ட் ஃபௌலர். அவர் அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1916இல், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கே பேராசிரியராக வந்துவிட்டார். ஆக இந்தக் கலை நமக்கு நேற்று வந்ததில்லை. முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறோம்.

ஆபரேட்டர் அண்ணன் ஒரு லிட்டர் கண்ணாடி உருளையில் அந்தப் பழுப்புத் தண்ணீரை மொண்டு திண்ணையில் வைத்தார். "அரை மணி நேரம் கண்ணெடுக்காமப் பாருங்க." பார்த்தேன். ஐந்து நிமிஷத்துக்கு ஒன்றுமில்லை. பிறகு பஞ்சு பஞ்சாகத் திரண்டு, திரண்டது மொத்தமாக ஒரு திரை போல இறங்க ஆரம்பித்தது. மேலே தெளிந்த தண்ணீர். அரை மணியில் பழுப்பு 200ஆம் கோட்டுக்குக் கீழே போய்விட்டது. மேல்தண்ணீரில் மட்டும் ஊசிமுனை மாதிரி பொடிப்பொடியாக ஏதோ மிதந்தது. அவர் முகம் சுளித்தார். "பட்டினி கெடந்தா இப்படித்தான் பொடி கெளம்பும். கூட்டமா சேர்ந்து நிக்கிறதுக்குத் தெம்பு இருக்காது."

ஆடு மாடு வைத்திருக்கிறவன் சாணியைப் பார்த்தே மாட்டின் வயிற்றைச் சொல்வான். இவரும் அந்த ரகம். மேலே வெள்ளை நுரை நின்றால் கூட்டம் இளசு, கரும்பழுப்பில் பிசுபிசுவென்று நின்றால் கிழடு தட்டிவிட்டது, கசடை எடுத்து வெளியேற்ற வேண்டும். படியாமல் மிதந்தே கிடந்தால் நூல் மாதிரி வளர்கிற வேறொரு சாதி புகுந்துவிட்டது. இதெல்லாம் எந்தக் கணினித் திரையிலும் இல்லை, அவர் கண்ணில் இருக்கிறது. அவர் காண்ட்ராக்ட் ஊழியர். ஒப்பந்தம் கைமாறினால் அந்தக் கண்ணும் கூடவே போய்விடும்.

லேப் என்று ஒரு சின்ன அறை. வேதியியல் படித்த ஒரு பெண் வாரத்தில் சில நாள் வருகிறாள். அன்று வந்திருந்தாள். என் ஆர்வத்தைப் பார்த்து, "மூணு பாட்டில் எடுத்துட்டு வாங்கண்ணா, ஒண்ணு காட்டறேன்" என்றாள். ஊருக்கு மேலே படித்துறையில் ஒரு பாட்டில், பிளாண்டிலிருந்து வெளியே போகிற தண்ணீரில் ஒரு பாட்டில், ஓடையில் ஒரு பாட்டில். காற்றுக் குமிழ் உள்ளே நிற்காமல் முக்கி எடுத்து, தண்ணீருக்குள்ளேயே மூட வேண்டும். ஓடையில் முக்கும்போது முழங்கை வரை நனைந்தது. அதற்கப்புறம் என் மனைவி என்னை வீட்டுக்குள் விட்ட கதை தனி.

மூன்றிலும் மாங்கனீசு சல்பேட் கரைசல் கொஞ்சம், அயோடைடு கலந்த காரக் கரைசல் கொஞ்சம் விட்டு மூடித் தலைகீழாகப் புரட்டினாள். படித்துறைத் தண்ணீர் சட்டென்று டிக்காஷன் நிறத்துக்கு மாறிக் கீழே பழுப்பாகப் படிந்தது. பிளாண்டுத் தண்ணீர் வெளிர்பழுப்பு. ஓடைத் தண்ணீரில் படிந்தது வெள்ளை. பால் திரிந்தது மாதிரி வெள்ளை.

"பழுப்புன்னா ஆக்சிஜன் இருக்கு. வெள்ளைன்னா இல்லவே இல்ல" என்றாள்.

லாயோஷ் விங்க்லர் என்ற ஹங்கேரிக்காரர் 1888இல் கண்டுபிடித்த முறை இது. இதற்கு மேல் அமிலம் விட்டுத் தங்கநிறமாக்கி, சொட்டுச் சொட்டாகத் தயோசல்பேட் விட்டு எண்ணுகிற கணக்கெல்லாம் இருக்கிறது. எனக்கு அந்த வெள்ளையே போதுமாக இருந்தது. சின்ன வயதில் அந்த ஓடையில் கெளுத்தி பிடித்திருக்கிறேன்.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. மளிகைக் கடைக்காரனிடம் கணக்குக்கா பஞ்சம்?

எங்கள் ஊர் வெயிலில், தண்ணீர் 30 டிகிரியில் இருந்தால், ஒரு லிட்டரில் கரைந்து நிற்கக்கூடிய ஆக்சிஜன் 7.5 மில்லிகிராம்தான். குளிர்நாட்டு ஆற்றில் 10 டிகிரியில் 11 மில்லிகிராமுக்கு மேல் நிற்கும். நம் ஆறுகளுக்குப் பிறவியிலேயே மூச்சு கொஞ்சம் குறைவு. மீன் பிழைக்கக் குறைந்தது 4 வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்கு, குளிக்க 5. இன்னொரு பக்கம் பி.ஓ.டி. என்று ஓர் எண். ஒரு லிட்டர் அழுக்குத் தண்ணீரைக் கிருமிகள் தின்று தீர்க்க எவ்வளவு ஆக்சிஜன் கேட்கும் என்பது அது. கலப்படமில்லாத வீட்டுச் சாக்கடைக்கு 250 வாக்கில் வரும். அதாவது ஒரு லிட்டர் சாக்கடை, 33 லிட்டர் நல்ல ஆற்றுத் தண்ணீரின் மூச்சை மொத்தமாக உறிஞ்சிவிடும். ஆற்றில் வெள்ளம் போகும்போது காவிரி இதைப் பொருட்படுத்தாது. மேட்டூரைச் சாத்திய பிறகு, ஏப்ரல் மே மாதத்தில், மணலுக்கு நடுவே வாய்க்கால் அகலத்துக்கு ஒரு ஓட்டம் மட்டும் இருக்கும்போது அந்த 33 லிட்டருக்கு எங்கே போவது?

ஒரு கிளைக் கதை. இந்த பி.ஓ.டி. பரிசோதனையில் தண்ணீரை இருட்டில் மூடி வைத்துக் காத்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் ஐந்து நாள் வைப்பார்கள். அந்த நாட்டு ஆற்றில் விழுந்த தண்ணீர் கடல் சேர ஐந்து நாளுக்கு மேல் ஆகாது என்பதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். உலகம் முழுக்க அந்த ஐந்து நாளே வழக்கமாகிவிட்டது. நம் நாட்டில் 27 டிகிரியில் மூன்று நாள். நம் சூட்டுக்குக் கிருமிகள் சீக்கிரம் தின்றுவிடும் என்பதால். எங்கள் லேப் பெண், "திங்கட்கிழமை வெச்சா வியாழக்கிழமை தெரியும்" என்றாள். எனக்கு அதில் ஒரு உறுத்தல். வியாழக்கிழமை எண் வருவதற்குள் திங்கட்கிழமைத் தண்ணீர் முக்கொம்பைத் தாண்டியிருக்காதா? கல்லணைக்குக்கூடப் போயிருக்கலாம்.

பிளாண்டுத் தண்ணீரில் பி.ஓ.டி. எவ்வளவு இருக்கலாம் என்பதில் பெரிய இழுபறியே நடந்திருக்கிறது. பல வருஷமாக 30 என்பதுதான் விதி. 2017 அக்டோபரில் வந்த அறிவிக்கையில் பெருநகரங்களுக்கு 20, மற்ற ஊர்களுக்கு 30. அதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 ஏப்ரலில் ஏற்காமல், எல்லோருக்கும் 10 என்று உத்தரவு போட்டது. சின்ன ஊர் என்றால் சாக்கடை கொஞ்சம் அழுக்காக விடலாம் என்கிற தர்க்கம் எனக்கும் புரியவில்லை. ஆற்றுக்கு எது மாநகராட்சி, எது பேரூராட்சி என்று தெரியுமா?

எங்கள் பிளாண்டு நன்றாக ஓடுகிற நாளில் இந்த எண்களுக்குள் வந்துவிடுகிறதாம். அங்கேதான் எனக்குத் தலை சுற்றியது. பிளாண்டு ஒழுங்காக வேலை செய்கிறது, ஆனால் ஆறு கெட்டுக் கிடக்கிறது. எப்படி?

அண்ணன் தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டார். "மோட்டார் எரிஞ்சதாலதான் பட்டினின்னு நெனச்சீங்களா? இது எப்பவுமே அரைவயித்துப் புள்ளதான் தம்பி. கட்டுனப்ப ஊர் மொத்தத்துக்கும் சேத்துக் கட்டுனாங்க. வர்றது அதுல பாதிகூட இல்ல. மீதி அந்தா போகுது." மறுபடியும் ஓடையைக் காட்டினார்.

30,000 பேர் இருக்கிற ஊர் என்று வையுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் எண்பது சதவீதம் சாக்கடையாகத் திரும்பும் என்பதுதான் திட்டம் போடுகிறவர்களின் வாய்ப்பாடு. ஆளுக்கு 108 லிட்டர். ஊருக்கு 32 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரி வைத்து அள்ளினால் தினமும் 270 லாரி. இதற்குத் தொட்டி கட்டுவது சுலபம், காண்ட்ராக்ட் விட்டால் கட்டிவிடுவார்கள், திறப்பு விழாவும் நடந்துவிடும். ஒவ்வொரு வீட்டுக் குளியலறையிலிருந்தும் தெருக்குழாய் வரைக்கும் இருக்கிற அந்தப் பத்தடிதான் யாராலும் கடக்க முடியாத சமுத்திரம்.

எங்கள் ஊர் மட்டும் இப்படி என்றில்லை. மத்திய வாரியம் 2021இல் வெளியிட்ட கணக்கில், நாட்டின் நகரங்களில் ஒரு நாளைக்கு உண்டாகும் சாக்கடை 7,236 கோடி லிட்டர். கட்டி வைத்திருக்கிற பிளாண்டுகளின் மொத்தத் திறன் 3,184 கோடி. உண்மையில் சுத்தமாகி வெளியே வருவது 2,023 கோடி. முதல் எண்ணுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள இடைவெளியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், இன்னும் கட்டு இன்னும் கட்டு என்று. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் ஆயிரம் கோடி லிட்டருக்கு மேல் இடைவெளி இருக்கிறது, அதைப் பற்றிப் பேச ஆளில்லை. பழுதானது, கரண்ட் இல்லாதது, என் ஊர் மாதிரி வாய்க்குச் சோறு வராதது எல்லாம் அதற்குள் அடக்கம்.

அதே வாரியம் 2018இல் நாடு முழுக்க 351 ஆற்றுப் பகுதிகளை மாசடைந்தவை என்று பட்டியல் போட்டது. அதில் தமிழ்நாட்டுக்கு ஆறு. காவிரி, சரபங்கா, திருமணிமுத்தாறு, வசிஷ்ட நதி, பவானி, தாமிரபரணி. காவிரியை மேட்டூரிலிருந்து மயிலாடுதுறை வரைக்கும் ஒரே கோடாக இழுத்துவிட்டார்கள். பட்டியலில் இருக்கிற சரபங்கா, திருமணிமுத்தாறு, பவானி மூன்றும் காவிரியில்தான் வந்து விழுகின்றன. திருமணிமுத்தாறு சேலத்துச் சாக்கடையையும் சேர்த்துக்கொண்டு நஞ்சை இடையாறு பக்கம் கலக்கிறது. நொய்யல் அதற்கு மேலேயே கலந்துவிடுகிறது, கீழே திருமுக்கூடலூரில் அமராவதி. இத்தனையும் வாங்கிக்கொண்ட பிறகு எங்கள் ஓடை. "மேலே இருக்கறவன் எல்லாம் விடறான், நாம விட்டா என்ன?" என்பது எங்கள் டீக்கடை நியாயம். எங்களுக்கும் கீழே ஆள் இருக்கிறார்கள் என்பது அந்த நியாயத்தில் வராது. திருச்சிக்கு அருகே காவிரிப் படுகையில் உறிஞ்சுகிற தண்ணீர்தான் ராமநாதபுரம் மாவட்டம் வரைக்கும் குடிக்கப் போகிறது. அங்கே குழாயைத் திறக்கிற அம்மாவுக்கு எங்கள் ஓடையின் பெயர்கூடத் தெரியாது.

இனி என் வீட்டுக்கு வருகிறேன். இதை எழுதத்தான் இவ்வளவு சுற்றினேன்.

என் வீடு பிளாண்டில் இணைக்கப்படவில்லை.

எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடைக் குழாய் போட்டு வருஷக்கணக்காகிறது. வாசலுக்கு வெளியே சேம்பர் வைத்து மூடியும் போட்டுவிட்டுப் போனார்கள். அதன் மேல்தான் நான் பைக் நிறுத்துகிறேன். கழிப்பறைத் தண்ணீர் தாத்தா காலத்து செப்டிக் டேங்குக்குப் போகிறது. குளிக்கிற, துவைக்கிற, பாத்திரம் கழுவுகிற தண்ணீர் முழுக்க வாசல் சாக்கடைக்கு. டேங்க் நிரம்பி வழிந்தால் அதுவும் அங்கேயேதான். அந்தச் சாக்கடை தெருமுனையில் பெரிய சாக்கடையோடு சேர்ந்து, அது ஓடையில் விழுகிறது. நான் முழங்கை வரை கை விட்டேனே, அதில் என் வீட்டுச் சோப்புத் தண்ணீரும் இருந்திருக்கும்.

ஏன் இணைக்கவில்லை என்றால், ஒரு காரணம் இல்லை. டெபாசிட் கட்ட வேண்டும். முற்றத்தில் போன வருஷம்தான் டைல்ஸ் போட்டோம், உடைக்க வேண்டும். ஒரு தடவை அலுவலகத்துக்குப் போனபோது, சம்பந்தப்பட்டவர் லீவு, அடுத்த வாரம் வா என்றார்கள். அடுத்த வாரம் நான் போகவில்லை. எல்லாவற்றுக்கும் மேல் அம்மா. குழாய் ஈசானிய மூலை வழியாகப் போகுமாம். "அந்த மூலையில சாக்கடை ஓடுனா குடும்பம் வெளங்குமா?" இப்போது அது தென்மேற்கில் போய் வாசலில் கொசு வளர்க்கிறது, அதற்கு வாஸ்து ஒன்றும் சொல்வதில்லை.

செப்டிக் டேங்க் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை அதை எடுக்க வேண்டும் என்பது விதி. எங்கள் தெருவில் நிரம்பி வழிந்தால்தான் லாரியைக் கூப்பிடுவோம். ராத்திரி வருவார்கள், உறிஞ்சுவார்கள், பணத்தை வாங்கிக்கொண்டு போவார்கள். எங்கே கொட்டுகிறீர்கள் என்று நான் ஒரு தடவையும் கேட்டதில்லை. நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? செங்கல்பட்டு மாவட்டத்துக் கருங்குழி பேரூராட்சியில் இந்த லாரிச் சரக்குக்கென்றே தனியாக ஒரு நிலையம் வைத்திருக்கிறார்கள். மணற்படுகையில் பரப்பிக் காயவைத்து, வடிகிற தண்ணீரைத் தனியாகச் சுத்தம் செய்கிறார்கள். பாதாளச் சாக்கடை போடக் கட்டுப்படியாகாத ஊருக்கு இது ஒரு நல்ல வழி. எங்களுக்குப் பக்கத்திலேயே முசிறியில், எம். சுப்புராமனின் ஸ்கோப் அமைப்பு சிறுநீரையும் மலத்தையும் தண்ணீரோடு கலக்காமல் தனித்தனியே பிரித்து உரமாக்குகிற கழிப்பறை கட்டியது. பொதுக் கழிப்பறையில் போகிறவருக்கு அவர்களே 10 பைசா கொடுத்தார்கள். அப்போது அதை ஒரு ஜோக்காகப் பேசிக்கொண்டிருந்தோம். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தபோதுதான் சிரித்தது தப்பு என்று தோன்றியது.

கிளம்பும்போது உந்து நிலையத்துப் பக்கம் கூட்டிப்போனார். ஆழக் கிணறு. கீழே கறுப்புத் தண்ணீர். நான் எட்டிப் பார்த்தேன், தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். "முட்டை அழுகுன வாடை வருதா? வர்ற வரைக்கும் பரவால்ல. திடீர்னு வாடை நின்னுதுன்னா ஓடிரணும்." ஹைட்ரஜன் சல்ஃபைடு ஓர் அளவுக்கு மேல் போனால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குகிறவன் திரும்பி வருவதில்லை. பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரை இறக்கக்கூடாது என்று 2013லேயே சட்டம் இருக்கிறது. இறந்தால் கொடுக்க வேண்டிய இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2014இல் 10 லட்சம் என்றது, 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. தொகை ஏறுகிறது என்பதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். அண்ணனின் கூட்டாளி ஒருவர் வேறொரு ஊரில் அப்படிப் போனவர். அதைப் பற்றி அவர் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசவில்லை, நானும் தோண்டவில்லை.

மோட்டார் ஆறாம் நாள்தான், நான் போவதற்குச் சற்று முன், சரியானதாம். வெல்லத்தில் கூட்டம் உயிரைப் பிடித்துக்கொண்டதா, இல்லை அது தானாகவே தாங்கியிருக்குமா என்று கேட்டேன். "ஒரு சிப்பமெல்லாம் இதுக்கு ஒரு பந்திக்குக் காணாது தம்பி. ஆனா சும்மா பாத்துட்டு நிக்க முடியுமா?" என்றார்.

மனுவில் என்னோடு கையெழுத்துப் போட்ட ஆட்களைப் போய்ப் பார்த்தேன். நாற்றம் பிளாண்டில் இல்லை, ஓடையில் என்றேன். இரண்டு பேர் நம்பவில்லை, ஒருவர் நான் காண்ட்ராக்டரிடம் காசு வாங்கிவிட்டேன் என்றார். சரி போகட்டும் என்று நான் இணைப்புக்கு எழுதிக்கொடுத்தேன். சம்பந்தப்பட்டவர் மூன்றாவது தடவைதான் சீட்டில் இருந்தார். அம்மாவிடம் ஜோசியரை வைத்தே பேசினோம். சாக்கடை உள்ளே தேங்காமல் வெளியே போவது நல்லதுதான் என்று அவர் சொல்லிவிட்டார். ஜோசியருக்கு ஒரு கிலோ நல்ல வெல்லம், வெளுத்தது.

பிளம்பர் வந்து டைல்ஸை ஒரு கோடாக வெட்டினார். என் பைக் நிற்கிற இடத்து மூடியைக் கடப்பாரை போட்டுத் திறந்தால், சேம்பர் உள்ளே புது மெருகு குலையாமல், ஒரு பல்லி முட்டை, ஒரு காய்ந்த வேப்பிலை. இத்தனை வருஷத்தில் ஒரு சொட்டு உள்ளே போயிருக்கவில்லை. குளியலறையில் ஒரு வாளியைக் கவிழ்த்துவிட்டு ஓடிவந்து குனிந்து பார்த்தேன். சலசலவென்று வந்து வளைவில் திரும்பிக் காணாமல் போனது. என் பையன், "எங்கேப்பா போகுது?" என்றான். "அந்த மாமாகிட்ட" என்றேன்.

மூன்றாம் நாள் எங்கள் வாசல் சாக்கடை காய்ந்துவிட்டது. அடியில் இருந்த கறுப்புச் சேறு வெடித்துப் பாளம் பாளமாக நின்றது. அம்மா விளக்குமாற்றுக் குச்சியால் குத்திப் பார்த்தாள். நாலாம் நாள் வெள்ளிக்கிழமை. காலையில் எழுந்து பார்த்தால் சாக்கடை மறுபடி ஈரம், நீலநிற நுரையோடு. பக்கத்து வீட்டில் துணி துவைக்கிற நாள். அவர்கள் வாசலிலும் ஒரு சேம்பர் இருக்கிறது, அதன் மேல் துளசி மாடம்.